கம்பெனி அறிக்கையும் நம் சேமிப்பும்

குடும்பப் பொருளாதாரம்

சென்ற இதழ்களில் அஞ்சலகச் சேமிப்பு, ஆயுள் இன்ஷூரன்ஸ், வாரிசு நியமனம் ஆகியவற்றைக் குறித்து எழுதினோம். கம்பெனிகளின் பங்குகளிலும் டெபாசிட்டுகளிலும் பணம் போட்டிருக்கும் அங்கத்தினர் சிலர், ஆண்டுதோறும் வரும் கம்பெனி அறிக்கையைப் படிப்பதால் ஏதேனும் பயன் உண்டா என்று வினவியுள்ளனர். "கம்பெனி செவ்வையாக நடக்கும்பொழுது அறிக்கையைப் படிக்க வேண்டிய அவசியமில்லை, நொடித்துப் போன பிறகு படித்துப் பயனில்லை. ஆகவே அதைப் படிப்பதே வீண் அல்லவா?" என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறியாத காரணத்தால் நடுத்தரக் குடும்பங்கள் இழந்த பொருள் கொஞ்சநஞ்சமன்று. ஆதலின் இம்மாதம் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

சொந்த ஊரில் இருப்பவர்களுக்குக் காணி நிலமோ, பூர்வீக வீடோ, அவசரத்துக்குக் கைகொடுக்கும் உற்றார் உறவினரோ இருப்பது வழக்கம். உத்தியோகத்தை நாடி வெளி மாநிலங்களில் வந்து குடியேறிய நம் போன்றோருக்குச் சம்பளமும் சேமிப்புமே நிலபுலன்கள். ஓய்வு பெறும் நாளில் சேமநிதியும் கிராஜுவிட்டியுமாக ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வருகிறது. முப்பது முப்பத்தைந்து ஆண்டு உழைப்பின் பலன் அது. பெண்ணின் திருமணம், பையனின் மேற்படிப்பு, ஊருக்குத் திரும்பிச் சிறு வீடு ஒன்று கட்டிக்கொள்ளும் ஆசை யாவும் அத்தொகையை நம்பியே நிற்கின்றன.

அத்தொகை வரப்போகும் செய்தி எப்படியோ பரவிவிடுகிறது. "பாங்கைக் காட்டிலும் இரண்டு சதவிகிதம் கூடுதல் வட்டி" என்ற வார்த்தையுடன் ஏஜெண்டு வந்து நிற்கிறார். அவர் நம் மொழி பேசுபவராகவும், நவராத்திரிக் கொலுவுக்கு நம் இல்லத்துக்கு வருபவராகவும் இருந்துவிட்டால் நாம் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. அவர் நாணயமான மனிதராகவே இருக்கலாம். ஆயினும் அவருடைய நாணயம் வேறு, கம்பெனியின் நாணயம் வேறு. கம்பெனியைப் பற்றிப் பேச வேண்டியது அதன் கணக்கேயன்றி நண்பரின் முகமன்று.

லாபம் என்பது யாது?

ரயில் நிலையத்துக்கும் மாதந்தோறும் ஒரு பாலன்ஸ் ஷீட் உண்டு. சேருமிடத்தில் கூலி வசூலிக்கும் 'டு-பே' முறையில் ஒரு சரக்கு வந்து இறங்கினால், அதற்குரிய கூலி முழுவதும் அந்நிலையத்தின் பற்றில் ஏறிவிடும். சரக்குக்கு உரியவர் வந்து பணத்தைக் கட்டி அதனை எடுத்துச் செல்லும்வரையில் அத்தொகை ஏட்டில் இருக்குமே தவிரப் பெட்டியில் இராது. அதனால்தான் தணிக்கைக்கு வரும் இன்ஸ்பெக்டர் மொத்த வருமானத்தைப் பார்த்து மகிழ்ந்து போய்விடுவதில்லை. பெட்டியிலுள்ள ரொக்கத்தை எண்ணுகிறார். வசூலாகாத பாக்கி எவ்வளவு, அது எத்தனை நாளைய பாக்கி என்று கேட்கிறார்.

கம்பெனியின் லாபமும் இத்தகையதே. சரக்கை விற்றதாக எழுதிய அன்றே லாபம் பிறந்துவிடுகிறது. பணம் வந்ததா என்பது வேறு கேள்வி. நல்ல காலத்தில் இவ்விரண்டுக்கும் இடைவெளி குறைவு. கெட்ட காலத்தில் அவ்விடைவெளியிலேதான் கம்பெனி விழுகிறது.

1998-ல் பார்த், பீவர், லாண்ட்ஸ்மன் என்ற மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள், திவாலான அமெரிக்கக் கம்பெனிகளின் முந்தைய ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்தனர். கம்பெனியின் நிலை கெடக் கெட, அதன் மதிப்பை அறிவதில் லாபக் கணக்கின் பயன் குறைகிறது என்றும், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையின் பயன் கூடுகிறது என்றும் அவர்கள் கண்டனர். இதன் காரணம் விளங்கக் கூடியதே. நாளையும் நடக்கும் கம்பெனிக்குத்தான் இன்றைய லாபம் ஓர் அடையாளம். நாளை நடக்குமா என்ற ஐயம் எழுந்துவிட்டால், இருப்பது என்ன, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்ற கேள்விகளே எஞ்சுகின்றன.

ஆகவே அறிக்கை பயனற்றது என்பது சரியன்று. நாம் வழக்கமாகப் படிக்கும் பக்கங்களே பயனற்றவை. தலைவரின் உரை, வண்ணப் படங்கள், லாபத் தொகை, டிவிடெண்டு ஆகியவை முன்பக்கங்களில் உள்ளன. துன்ப காலத்துக்கு வேண்டியவை பின்பக்கங்களில் உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: வந்த தேதி

அறிக்கையின் உள்ளே புகுமுன் அது உரிய காலத்தில் வந்ததா என்று பார்க்க வேண்டும். பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகள் ஆண்டுக் கணக்கை, தணிக்கை முடித்து 60 நாட்களுக்குள்ளும், இடைப்பட்ட காலாண்டுக் கணக்குகளை 45 நாட்களுக்குள்ளும் வெளியிட வேண்டுமென்பது செபியின் விதி. தாமதமே ஓர் அறிக்கை என்று கொள்ளுவது நலம்.

ஜெட் ஏர்வேஸ் விமானக் கம்பெனி 2018 ஆகஸ்டு 9-ஆம் தேதி தன் காலாண்டுக் கணக்கை வெளியிடுவதாக இருந்து, பின்னர் ஒத்திவைத்தது. ஆகஸ்டு 27-ஆம் தேதி வெளிவந்த கணக்கில் நஷ்டம் ரூ. 1,323 கோடி. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி அதன் விமானங்கள் யாவும் நின்றன. ஒத்திவைத்த நாளுக்கும் நின்ற நாளுக்கும் இடையே எட்டு மாதங்கள் இருந்தன. எண்ணிப் பார்க்க விரும்பிய பங்குதாரருக்கு அக்காலம் போதுமானது.

வீட்டுக் கடன் கொடுக்கும் திவான் ஹவுஸிங் ஃபைனான்ஸ் கம்பெனியின் கதை இன்னும் கசப்பானது. பொதுமக்கள் பலர் அதில் டெபாசிட் போட்டிருந்தனர். 2019 ஜூன் மாதத் தொடக்கத்தில் அது தர வேண்டிய வட்டியைத் தரத் தவறியது. மே மாத இறுதிக்குள் வந்திருக்க வேண்டிய கணக்கோ ஜூலை 13-ஆம் தேதிதான் வந்தது. அதுவும் தணிக்கை முடியாத கணக்கு. அதில் ரூ. 2,223 கோடி காலாண்டு நஷ்டமும், தொழிலைத் தொடர்ந்து நடத்த இயலுமா என்ற ஐயமும் காணப்பட்டன. மிகவும் வேண்டியிருந்த நேரத்தில் அறிக்கை மிகவும் தாமதமாக வந்தது. நோய் முற்றும்போது கணக்கும் மந்தமாகிவிடும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது: ஆடிட்டரின் மொழி

ஆடிட்டர்கள் உரத்த குரலில் பேசமாட்டார்கள். அவர்களது அபாய அறிவிப்பு சட்ட மொழியில் ஒரு சிறு பத்தியாக இருக்கும். கணக்கு சரியாக உள்ளது என்று தடையின்றிச் சொன்னால் அது முதல் தரம். "இன்ன விஷயம் நீங்கலாக" என்று சொன்னால் அந்த இன்ன விஷயத்தைத் தேடிப் படிக்க வேண்டும். கணக்கு சரியன்று என்று சொல்லுவதும், கருத்தே கூற இயலாது என்று விலகுவதும் மிகக் கடுமையான நிலைகள். கம்பெனி தொடர்ந்து நடக்கும் வல்லமை குறித்துப் பெரிய ஐயம் உள்ளது என்று தனித் தலைப்பிட்டு எழுதியிருந்தால், மணி அடித்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

ஆடிட்டர் அறிக்கைக்கு ஓர் அனுபந்தம் உண்டு. 2020-ல் இயற்றப்பட்டு, 2021-22 கணக்கு ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள அரசாங்க ஆணைப்படி, அதில் சில கேள்விகளுக்கு ஆடிட்டர் நேராகப் பதில் கூற வேண்டும். கம்பெனி கடனைத் திருப்பித் தருவதில் தவறியதா? குறுகிய காலத்துக்கு வாங்கிய பணத்தை நீண்ட காலக் காரியங்களில் முடக்கியதா? ஆண்டின் நடுவே முந்தைய ஆடிட்டர் விலகினாரா? ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடன்களைத் தீர்க்கும் சக்தி உண்டா? சாதாரணக் குடும்பத்தார் கேட்க விரும்பும் கேள்விகள் இவையே. பாங்குகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் இவ்வாணை பொருந்தாது. மற்றப் பெரிய கம்பெனிகளில் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இதுவே.

மூன்றாவது: கணக்குக் குறிப்புகள்

கணக்கின் பின்னே பொடி எழுத்தில் வரும் குறிப்புகளைப் படிப்பாரில்லை. அங்கேதான் உண்மை பெரும்பாலும் குடியிருக்கிறது. எஸ் பாங்கு இதற்குத் தக்க சான்று. 2016 மார்ச் இறுதியில் தன் வாராக்கடன் ரூ. 749 கோடி என்று அந்த பாங்கு காட்டியிருந்தது. ரிசர்வ் பாங்கு பரிசோதித்தபோது அது ரூ. 4,926 கோடி என்று கண்டது. ஏறத்தாழ ஆறரை மடங்கு. இவ்வேறுபாடு 2017-ல் அந்த பாங்கின் சொந்தக் கணக்குக் குறிப்புகளிலேயே வெளியாயிற்று. அடுத்த ஆண்டுக் கணக்கிலும் ரூ. 6,355 கோடி வேறுபாடு காணப்பட்டது.

அங்ஙனம் வெளியான பின்னும் அதன் பங்கு விலை ஏறிக்கொண்டே சென்று, 2018 ஆகஸ்டில் 390 ரூபாயைத் தாண்டிற்று. 2020 மார்ச் 5-ஆம் தேதி, ஒருவர் ரூ. 50,000-க்கு மேல் எடுக்கலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. ஸ்டேட் பாங்கு முன்னின்று மறுசீரமைத்தபோது புதிய பங்குகள் ஒன்று 10 ரூபாய் வீதம் வெளியிடப்பட்டன. டெபாசிட் போட்டவர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்கு வாங்கியவர்களின் பணம் கரைந்தது. அறிக்கை மறைக்கவில்லை, படிப்பாரின்றிக் கிடந்தது.

நான்காவது: தவணையும் ரொக்கமும்

ஒரு கம்பெனியின் மொத்தக் கடன் எவ்வளவு என்பதைவிட, அதில் இவ்வாண்டு தீர்க்க வேண்டியது எவ்வளவு, இவ்வாண்டு கைக்கு வருவது எவ்வளவு என்பன முக்கியம். பையனின் கல்லூரிச் சம்பளம் ஜூனில் கட்ட வேண்டியிருக்க, நம் பணம் பத்தாண்டுப் பத்திரத்தில் முடங்கியிருந்தால், நாம் ஏழைகளல்லோம். எனினும் கைமாற்றுக்கு அலைய நேரும். ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமத்துக்கு நேர்ந்தது இதுவே. சாலைகள், சுரங்கவழிகள், மின்நிலையங்கள் ஆகிய பல்லாண்டுத் திட்டங்களில் பணத்தைப் போட்டுவிட்டு, குறுகிய காலக் கடன்களைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் கடத்தியது. 2018-ல் கடன் சுமார் ரூ. 91,000 கோடி. தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கில் லாபம் இருந்தது. கிளைக் கம்பெனிகள் யாவற்றையும் சேர்த்த குழுமக் கணக்கில் 2017-18 நஷ்டம் ரூ. 1,800 கோடிக்கு மேல்.

தர மதிப்பீட்டுக் கம்பெனிகள் அதற்கு மிக உயர்ந்த மதிப்பை அவ்வாண்டின் நடுப்பகுதி வரையில் கொடுத்திருந்தன. சில வாரங்களில் அது அடிமட்டத்துக்கு இறங்கிற்று. அக்டோபர் 1-ஆம் தேதி அரசாங்கம் நிர்வாகக் குழுவை மாற்றியது. உழைப்பாளிகளின் சேமநிதிகள் பலவும் அதன் பத்திரங்களில் போடப்பட்டிருந்தன. ஆகவே தனிக் கணக்கை விடுத்துக் குழுமக் கணக்கைப் பார்ப்பதும், லாபத்தை விடுத்து ரொக்க வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதும் அவசியம். லாபம் ஆண்டுதோறும் ஏறியும், தொழிலிலிருந்து வரும் ரொக்கம் ஆண்டுதோறும் எதிர்மறையாகவே இருந்தால், அதற்குக் காரணம் கேட்க வேண்டும்.

அறிக்கையே பொய்யானால்?

இவ்விடத்தில் நேயர்கள் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்கலாம். கணக்கே பொய்யாக இருந்தால் என் செய்வது? அதற்கும் நம் நாட்டில் சான்று உண்டு. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் 2009 ஜனவரி 7-ஆம் தேதி தம் டைரக்டர்களுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரூ. 5,361 கோடி ரொக்க, பாங்கு இருப்பில் ரூ. 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். உலகப் பெயர் பெற்ற தணிக்கை நிறுவனத்தின் கையெழுத்து அக்கணக்கில் இருந்தது. முந்தைய ஆண்டில் நல்ல நிர்வாகத்துக்கான விருதும் கிடைத்திருந்தது. அந்த ஒரே நாளில் பங்கு விலை ஏறத்தாழ 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு வீழ்ந்தது.

ஐந்தொகையையும் ரொக்கத்தையும் பார்க்கச் சொன்னோம். இங்கே அவையே பொய். இத்தகைய மோசத்தை வீட்டில் அமர்ந்து அறிக்கை படிக்கும் எவரும் கண்டுபிடித்துவிட இயலாது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆயினும் ஒரு தடயம் அக்காலத்தில் மறைந்து கிடந்தது. கம்பெனியை நடத்துவோர் தங்கள் பங்குகளை அடகு வைத்துப் பணம் பெற்றிருந்தனர். அதை வெளியிட வேண்டுமென்ற கட்டாயம் அப்பொழுது இல்லை. சத்யம் சம்பவத்தின் பின்னரே, அதே 2009 ஜனவரியில், செபி அதனைக் கட்டாயமாக்கியது. இன்று காலாண்டுதோறும் வெளிவரும் பங்குதாரர் பட்டியலில் அடகு விவரம் உண்டு. நடத்துவோர் தம் பங்கில் பெரும்பகுதியை அடகு வைத்துள்ள கம்பெனியில் நம் ஓய்வுப் பணத்தைப் போட வேண்டியதில்லை.

நம் இடம் எங்கே?

அறிக்கையைப் படிக்கும்பொழுது நாம் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி ஒரு கம்பெனி கலைக்கப்பட்டால், நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, தொழிலாளர் ஊதிய பாக்கியும் ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவர்களும். பின்னர் மற்ற ஊழியர்கள். அதன் பின்னரே ஈடின்றிப் பணம் கொடுத்தவர்கள். பங்குதாரர்கள் கடைசி. திவான் ஹவுஸிங் கம்பெனி கலைக்கப்படாமல் 2021-ல் வேறொரு குழுமத்தின் கைக்கு மாறியது. அப்பொழுதும் பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யமாயிற்று. பெருந்தொகை டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பகுதியே திரும்பக் கிடைத்தது.

பாங்கு டெபாசிட்டுக்கு, ஒரு பாங்கில் ஒருவருக்கு ரூ. 5 லட்சம் வரையில் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு 2020 பிப்ரவரி முதல் உண்டு. கம்பெனி டெபாசிட்டுக்கு அப்பாதுகாப்பு இல்லை. "இரண்டு சதவிகிதம் கூடுதல்" என்பது இப்பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதற்கான கூலி. அக்கூலி போதுமா என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஆண்டறிக்கை கம்பெனியின் இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சுப் பிரதி வேண்டுமென்று எழுதிக் கேட்கும் பங்குதாரருக்குக் கம்பெனி அனுப்ப வேண்டும். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களை அருகில் வைத்துக்கொண்டு படிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். தேதி, ஆடிட்டர் அறிக்கை, அதன் அனுபந்தம், கடன் பற்றிய குறிப்பு, ரொக்க வரவு செலவு, அடகு விவரம் ஆகிய ஆறினையும் ஒரு தாளில் எழுதி, சென்ற ஆண்டின் தாளோடு ஒப்பிடுக. ஓராண்டின் எண் ஊமை; மூன்றாண்டு எண்களை வரிசையாக வைத்தால் அவை பேசத் தொடங்கும்.

அபாய அறிகுறி ஒன்று கண்டால் விசாரிக்க வேண்டும். இரண்டு கண்டால் மேற்கொண்டு பணம் போடாதிருக்க வேண்டும். மூன்று கண்டால், சிறிது நஷ்டமானாலும் வெளியேறுவதே மேல். "போட்ட விலை வரட்டும்" என்று காத்திருப்பவர்களே இத்தகைய வீழ்ச்சிகளில் மிகுதியும் அகப்படுகின்றனர். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது கம்பெனிக்குத் தெரியாது. அதை நினைத்து அது பிழைக்கப் போவதுமில்லை.

முடிவாக, துன்ப காலத்தில் அறிக்கை பயன்படுமா என்ற கேள்விக்கு நம் பதில் இதுவே. துன்பம் வந்த பின் அறிக்கை காப்பாற்றாது. துன்பம் வருமுன் அது எச்சரிக்கும். பொய்க் கணக்கானால் எச்சரிக்கவும் தவறலாம். ஆகையால் படிப்பதோடு, ஒரே இடத்தில் மொத்தத்தையும் போடாத பழக்கமும் வேண்டும். ஓய்வுப் பணத்தில் எந்தப் பங்கை இழந்தாலும் அடுப்பு அணையாது என்று சொல்லக்கூடிய அளவே கம்பெனிகளில் இருக்கலாம். எஞ்சியது அஞ்சலகத்திலும் பாங்கிலும் இருக்கட்டும்.

அடுத்த இதழில், இறந்தவர் பெயரிலுள்ள பங்குகளை வாரிசுகளின் பெயருக்கு மாற்றும் முறையைப் பற்றி எழுதுவோம். அது குறித்து ஐயங்கள் உடைய நேயர்கள் இம்மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.